கை தூக்காமல் ஒலித்த சைரன்

அழுவதில் எனக்கு இணையாக எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான். பென்சில் முனை உடைந்தால் அழுவேன். பக்கத்திலிருப்பவனின் பென்சில் முனை உடைந்து அவன் திட்டு வாங்கினால் அதற்கும் நான்தான் அழுவேன். வருகைப் பதிவின்போது என் பெயரைக் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டுவிட்டால் போதும், ‘உள்ளேன் ஐயா’ வருவதற்கு முன்னால் கண்ணீர் வந்துவிடும். பெரிய துக்கம் எதுவும் இருந்து அழுததாக நினைவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு உள்ளே ஒரு தாழ்ப்பாள் இருக்கிறது, இவனுக்கு மட்டும் அதை வைக்க மறந்துவிட்டான் கடவுள் என்று அம்மா சொல்வாள். அதைக் கேட்டும் அழுதிருக்கிறேன்.

அப்போது புதுப்பட்டினத்தில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு உள்ளே தள்ளி, வயல்காட்டுப் பக்கம். ஷேர் ஆட்டோவில் வந்து போவேன். என் பின்பெஞ்சில் கார்த்தி உட்கார்ந்திருந்தான். என்னைவிட ஒரு தலை உயரம். எந்தச் சத்தம் கேட்டாலும் அடுத்த நிமிஷம் அது அவன் வாயிலிருந்து வரும். பஸ்ஸின் ஏர்ஹாரன், மிக்சி, எச்.எம். சாரின் இருமல் எல்லாம் அவனிடம் இருந்தன. எனக்கென்று ஒரு சத்தத்தைத் தனியாகத் தயார் செய்து வைத்திருந்தான். பின்னாலிருந்து என் பிடரியில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவான். அதுதான் ஸ்விட்ச். உடனே அவன் வாயில் போர்வெல் மோட்டார் ஓடத் தொடங்கும். முதலில் வறட்டுச் சத்தம், பிறகு தண்ணீரைப் பிடித்துக்கொண்ட கனத்த சத்தம்.

“மோட்டார் போட்டாச்சு மச்சான், தண்ணி வருது பாரு” என்பான்.

தண்ணீர் வரும். பையன்கள் ஓடி வந்து என் முகவாய்க்குக் கீழே கையைக் குவித்து முகம் கழுவுவதுபோல் செய்வார்கள். வயல்காட்டுப் பக்கத்திலிருந்து வருபவன் என்ற முறையில், அவன் போட்ட மோட்டார் சத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். என் பெயரே மோட்டார் என்று ஆகிப்போனது. சத்துணவு அக்காகூட அப்படித்தான் கூப்பிட்டாள், பாசமாக.

இதெல்லாம் வீட்டுக்குத் தெரியாமல் இருக்குமா? அப்பா அணுபுரம் குடியிருப்பிலிருந்து அணுமின் நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து மாமா பேசுவார். மாமா அம்மாவின் தம்பி, செங்கல்பட்டில் செல்போன் கடை வைத்திருந்தார். உலகத்தில் எந்த விஷயத்துக்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருக்கும்.

“நீ செல்லம் குடுத்து கெடுத்து வச்சிகீறக்கா. எங்கூர்ல ஆஸ்டல் கீது. அதுல போடு, ஆம்பளயா திரும்பி வருவான்” என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோழிக்குழம்பை முடித்த கையோடு.

அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்பா யோசித்தார். அவர் யோசித்ததுதான் எனக்கு பயமாக இருந்தது. செங்கல்பட்டு அப்படியொன்றும் சீமை அல்ல, ஒரு பஸ் ஏறினால் வந்துவிடும். ஆனால் அம்மா இல்லாத ஒரு அறையில், கார்த்தியைப்போலப் பலபேர் நடுவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பதை நினைத்தாலே தூக்கம் போனது. இனிமேல் அழவே கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டேன். அந்த உறுதியை எடுக்கும்போதே அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அந்த வருஷம்தான் எங்களுக்கு ஒரு புது டீச்சர் வந்தார். சின்ன வயசு, செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். ஏதோ பயிற்சி முகாமுக்குப் போனவர் கக்கத்தில் சுருட்டிய சார்ட்டுகளோடு திரும்பி வந்து, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை எடுத்துக்கொண்டார். அது எங்கள் விளையாட்டு பீரியட். பந்தைப் பிடுங்கிவிட்டு மனசைப் பற்றிப் பாடம் நடத்தினால் எந்தப் பையனுக்குப் பிடிக்கும்?

முதல் வாரம் சுவரில் ஒரு சார்ட் ஒட்டினார். சிரிப்பு, கோபம், பயம், அழுகை என்று நான்கு முகங்கள். தினமும் காலையில் அவரவர் மனசு எப்படி இருக்கிறதோ அந்த முகத்துக்குக் கீழே ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும். பொட்டு அட்டைகளை அவரே வாங்கி வந்திருந்தார். பையன்கள் பொட்டைத் தொடவே கூச்சப்பட்டார்கள். ஒரு வழியாக ஒட்டத் தொடங்கியபோது எல்லாப் பொட்டும் சிரிப்புக்குக் கீழேயே சேர்ந்தன. எங்களைப்போல சந்தோஷமான வகுப்பு இந்த மாவட்டத்திலேயே இருந்திருக்காது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் சிரிப்புக்குக் கீழே ஒட்டிவிட்டு வருவேன். கார்த்தி மட்டும் கோப முகத்தின் நெற்றியில் ஒரு பெரிய பொட்டை வைத்து அதை அம்மன் ஆக்கிவிட்டான்.

அடுத்த வாரம் கேலியைப் பற்றிப் பேசினார். “ரெண்டு பேரும் சிரிச்சாதான் அது கேலி. ஒருத்தர் மட்டும் சிரிச்சா அதுக்கு வேற பேரு” என்றார். பின்பெஞ்சில் மோட்டார் சத்தம் மெல்லக் கேட்டது.

இப்படியே போயிருந்தால் அவர் சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் பந்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார். அதற்குள் ஒத்திகை வந்தது. அணுமின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர்கள் என்பதால் எங்களுக்கு அவ்வப்போது அவசரகால ஒத்திகை நடக்கும். சைரன் ஏறி இறங்கிக் கூவினால் எல்லாரும் உள்ளே போய்க் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். பிறகு ஒரே சீராக நீளமாக ஊதினால் வெளியே வரலாம். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் எங்களுக்கு அது பாடம் நடக்காத ஒரு நல்ல நாள், அவ்வளவுதான்.

டீச்சருக்கு அது புதிது. ஒத்திகை என்று முன்பே சுற்றறிக்கை வந்ததாம், அது வந்த அன்று அவர் விடுப்பாம். சைரன் எழுந்ததும் அவர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. முகம் வெளுத்துவிட்டது. ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்கு போன் போட வேண்டும் என்று ஏதோ சொன்னார், சொல்லும்போதே அழுதுவிட்டார். பெண் பிள்ளைகள் எழுந்து சாவகாசமாக ஜன்னல்களைச் சாத்தினார்கள். வகுப்புத் தலைவி அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

“ஒண்ணும் இல்ல டீச்சர். டிரில்லுதான். தல குனிஞ்சி ஒக்காந்துகினு இருங்க, அதுவா முடிஞ்சிடும்” என்றாள்.

நாங்கள் எல்லாரும் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம். டீச்சரும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் ஓரக்கண்ணால் பார்த்தபடி இருந்தேன். ஒரு பெரிய மனுஷி அழுகிறாள், ஒருவரும் சிரிக்கவில்லை. கார்த்திகூடச் சிரிக்கவில்லை. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் சார்ட் எதுவும் இல்லாமல் வந்தார். “நீங்க எனக்குச் சொல்லிக் குடுத்தத நாம தினமும் செய்யலாம்” என்றார். கோபமோ பயமோ அழுகையோ தாங்க முடியாமல் வந்தால் கையைத் தூக்க வேண்டும். உடனே வகுப்பில் சைரன் ஒலிக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு எல்லாரும் தலை கவிழ்ந்துகொள்ள வேண்டும். யாரும் யாரையும் பார்க்கக் கூடாது, எதுவும் கேட்கக் கூடாது. கை தூக்கியவர் கையை இறக்கியதும் நீளச் சைரன். அதோடு பாடம் தொடரும். சைரன் ஊத ஓர் ஆள் வேண்டுமே? வகுப்பு மொத்தமும் கார்த்தியைத் திரும்பிப் பார்த்தது. அவன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அவனுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்த முதல் பதவி அது.

பதவி ஏற்ற கையோடு பழக்க தோஷத்தில் என் பிடரியில் ஸ்விட்சைப் போட்டான். நான் கையைத் தூக்கினேன். டீச்சர் அவனைத் திட்டவில்லை, “கார்த்தி, கை தூக்கிட்டாங்க பாரு” என்று மட்டும் சொன்னார். தான் வரவழைத்த அழுகைக்குத் தானே சைரன் ஊத வேண்டியதாயிற்று அவனுக்கு. கிடைத்த மரியாதைக்குக் குறை வைக்காமல் முழுத் தொண்டையில் ஊதினான்.

அசல் சைரனைவிட நன்றாக இருந்தது. அதுதான் வினை. பக்கத்து வகுப்பு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. பிறகு எதிர் வரிசை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய அங்கன்வாடியில் ஆயா குழந்தைகளை உள்ளே அள்ளிக்கொண்டு போனாள். டீக்கடைக்காரர் டம்ளரோடு நின்றவர்களை உள்ளே தள்ளி ஷட்டரை இறக்கினார். மூலையில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு துணிக்கடைக்குள் நுழைந்துவிட்டார்கள். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. நான் தலையைக் கவிழ்த்து ஆசை தீர அழுதுகொண்டிருந்தேன். கேட்பார் இல்லை, சிரிப்பார் இல்லை. அந்த சுகத்தில், தூக்கிய கையை இறக்க மறந்துவிட்டேன். நான் இறக்கினால்தான் நீளச் சைரன். நீளச் சைரன் வந்தால்தான் ஊர் கதவைத் திறக்கும். நான் அழுது முடிக்கட்டும் என்று ஒரு தெருவே உள்ளே உட்கார்ந்திருந்தது.

ஒரு வழியாக என் கை இறங்கி, நீளச் சைரன் ஊதி, ஊர் கதவைத் திறந்த பிறகு எச்.எம். சார் வேர்த்துக்கொட்ட வந்து சேர்ந்தார். “இன்னா டீச்சர் நடக்குது இங்க? இந்த பீரியடே வேணாம். பசங்க பழையபடி கிரவுண்டுக்குப் போவட்டும்” என்றார். டீச்சர் தலை குனிந்து நின்றார். பந்து திரும்பி வருகிறது என்று வகுப்பில் ஒரு சலசலப்பு. கார்த்தி எழுந்தான்.

“சார், நீங்களும் ரூமுக்குள்ள கதவ சாத்திகினு குந்திகினு இருந்தீங்களா சார்?” என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான்.

எச்.எம். சார் அவனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “இனிமே வாய மூடிகினு ஊது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பந்துமேல் அவ்வளவு ஆசை உள்ளவன் எதற்காக அந்த பீரியடைக் காப்பாற்றினான் என்று தெரியவில்லை. கிடைத்த பதவி போய்விடக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

ஷேர் ஆட்டோ டிரைவர் மூலம் சங்கதி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. மகன் அழுததற்குக் கடைத்தெருவே கதவடைத்தது என்றால் எந்த அப்பாவுக்குத்தான் நன்றாக இருக்கும்? மாமா ஆஸ்டல் வார்டனிடம் பேசிவிட்டார். அரைப்பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கு வந்து டீச்சரைப் பார்ப்பதாகவும், அதுவரை இவன் அழுகை நிற்காவிட்டால் செங்கல்பட்டுதான் என்றும் அப்பா சொன்னார். அம்மா ஆஸ்டலுக்கென்று ஒரு புதுப் போர்வை வாங்கி வந்து, அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தாள்.

அதற்குப் பிறகு கார்த்தி உதட்டை மூடிக்கொண்டு மூக்கால் ஊதினான். எங்கள் நாலு சுவருக்குள் கேட்க அதுவே போதும். முதலில் தினமும் கையைத் தூக்கினேன். சைரன்காரன் என்பதால் கார்த்தி எப்போதும் என்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டியிருந்தது. போகப்போக என் உதடு துடிப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். முன்னால் குனிந்து, “கையா?” என்று கேட்பான். சில நாள் ஆமாம் என்பேன். சில நாள், அவன் கேட்டதாலேயே, வேண்டாம் என்று ஆகிவிடும். அழலாம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஆன பிறகு அழுகைக்கே என்னிடம் சுவாரசியம் குறைந்துவிட்டது போலிருக்கிறது. ஸ்விட்ச் எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை. கை தூக்காத வாரங்களும் வந்தன.

இன்று செங்கல்பட்டில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்க்கிறேன். ஊசியைப் பார்த்ததும் பிள்ளைகள் அழும். கூட வந்தவர்கள் ‘ஆம்பளப் புள்ள அழலாமா’ என்று அதட்டுவார்கள். நான் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நிற்பேன். அழுது முடித்து, தானாகவே கையை நீட்டாத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த டீச்சருக்கும் அந்த வகுப்புக்கும் நான் பட்டிருக்கிற நன்றிக்கடனை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்திக்கொண்டிருக்கிறேன். கார்த்திக்குச் செலுத்த வேண்டியது தனி. அதற்குக் காரணம் பரீட்சைக்கு முந்தைய அந்தக் கடைசி வெள்ளிக்கிழமை.

அந்த வாரம் கார்த்தியின் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தவன், மறுநாள் முழுக்க அந்தக் கதையைத்தான் சொன்னான். தானாக ஏறும் படிக்கட்டு, தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவு, விமானம் கிளம்பும் சத்தம். அந்தச் சத்தத்தையும் போட்டுக் காட்டினான். எங்களுக்கெல்லாம் ஒரே பொறாமை. என் அம்மா ஏன் எங்கேயும் போவதில்லை என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் டீச்சர் ஒரு விளையாட்டு வைத்தார். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதலில் யாரிடம் என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். பதில்கள் பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போயின. என் முறை வந்தபோது, “அம்மாகிட்ட பசிக்குதுன்னு சொல்லுவேன்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் மனசு முழுக்க வாசலில் இருந்தது. ஷிப்டு முடித்து, சொன்னபடி டீச்சரைப் பார்க்க அப்பா வருகிற நேரம் அது. இன்னும் கொஞ்சநேரம் அழாமல் ஓட்டிவிட்டால் போர்வை பீரோவிலேயே இருக்கும்.

அடுத்தது கார்த்தி. எழுந்து நின்றான். பிறகு, மூடிய உதட்டுக்குள்ளிருந்து சைரன் ஏறி இறங்கிக் கேட்டது.

வகுப்பு மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் இரண்டு கையையும் பெஞ்சின்மேல் விரித்துக் காட்டினேன். நான் தூக்கவில்லை. யாருமே தூக்கவில்லை. டீச்சர் கார்த்தியை ஒரு கணம் பார்த்தார். பிறகு தானே போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் நாங்களும் கவிழ்த்துக்கொண்டோம்.

அந்த நேரத்தில்தான் காக்கிச் சட்டையோடு அப்பா வாசலில் வந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது. சைரனையும் கவிழ்ந்த தலைகளையும் பார்த்தால் என்ன நினைப்பார்? இந்தப் பக்கத்து மனுஷன் அல்லவா, செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவரும் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

மணி அடித்தது. மற்ற வகுப்புகள் கூச்சலோடு வெளியே ஓடின. டீச்சர் தலையை நிமிர்த்தவில்லை. இறக்குவதற்கு ஒரு கை இல்லாததால், எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடமே அடங்கிப்போன பிறகு நீளச் சைரன் வந்தது. அது சரியாக வரவில்லை, பாதியிலேயே கரகரத்து உடைந்தது. இவனுக்குத் தொழில் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் ஓடினேன். “நான் கை தூக்கலப்பா. அவனாத்தான் ஊதினான்.”

“ஆமாங்க, உங்க பையன் தூக்கல. இப்பல்லாம் அவன் தூக்கறதே இல்ல” என்றார் டீச்சர். அப்பா தலையை ஆட்டினார். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, பையை மாட்டிக்கொண்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தபடி சுவரோரமாக நகர்ந்துகொண்டிருந்த கார்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் வூடு எங்கடா?” என்று கேட்டார். “வா, வண்டில ஏறு.”

மொபெட்டில் கார்த்தி பின்னால் உட்கார்ந்துகொண்டான், நான் முன்னால் நின்றுகொண்டேன். மாமாவிடம் பேசிக்கொள்ளலாம், ஆஸ்டல் எல்லாம் வேண்டாம் என்று அப்பா போகிறபோக்கில் என் காதருகே சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு வாழைக்காய் பஜ்ஜி வாங்கினார். என் வெற்றிக்குக் கிடைத்த பஜ்ஜி என்று நினைத்து அதை மெதுவாகத் தின்றேன். கார்த்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி தின்றான். அவன் முடித்ததும் அப்பா எதுவும் கேட்காமல் அவன் கையில் இன்னொரு பஜ்ஜியை வைத்தார். சும்மாவே சைரனை ஊதி என்னை ஆஸ்டலுக்கு அனுப்பப் பார்த்தவன் அவன். டீச்சரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, அப்பாவும் திட்டவில்லை. போதாக்குறைக்கு, அழாமல் இருந்த எனக்கு ஒன்று, அவனுக்கு மட்டும் எதற்கு இரண்டு என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு ஆறவே இல்லை.